வேருக்கு மேல் ஒரு சாண்

ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் மரங்களுக்கு எண் எழுதியவர் டேப் அக்கா. சாலை அகலமாகப் போகிற இடத்தில், பாலம் இறங்கப் போகிற இடத்தில், மரத்தின் இடுப்பில் வெள்ளைப் பட்டையும் அதன் மேல் சிவப்பு எண்ணும் பார்த்திருப்பீர்கள். அதை யாராவது ஒருவர் போய் எழுதத்தானே வேண்டும்? இந்த ஊரில் இருபத்தாறு ஆண்டுகளாக அந்த ஒருவர் இவர்தான்.

எண் விழுந்த மரம் பெரும்பாலும் விழுந்துவிடும். அதற்காக அவர் தூக்கம் தொலைத்ததில்லை. "நான் எழுதலேன்னா வெட்டாம விட்டுடுவாங்களா? எண் இருந்தா கணக்கு இருக்கும். கணக்கு இருந்தா ஒண்ணுக்குப் பத்து கன்னு வெச்சே ஆகணும். எண் இல்லாத மரத்துக்கு யாரு கேக்கப்போறா?"

வயது ஐம்பத்து மூன்று. ஆள் குட்டை. தோள்பையில் அளவு நாடா, இரண்டு பெயின்ட் டப்பா, மூன்று பிரஷ், பழந்துணி. கையில் ஒரு குச்சி. அந்தக் குச்சி முக்கியம். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து மார்பு உயரத்தில் எடுக்க வேண்டும் என்பது நெடுஞ்சாலைத் துறையின் விதி. யாருடைய மார்பு என்று விதி சொல்லவில்லை. ஆறடி ஆள் அளந்தால் ஒன்று, அக்கா அளந்தால் வேறொன்று. அதனால் ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு போட்ட குச்சியைத் தானே செய்து வைத்துக்கொண்டார். குச்சியை மரத்தோடு நிறுத்தி, கோட்டுக்கு நேரே டேப்பைச் சுற்றுவார். முப்பது சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் மரம். குறைந்தால் புதர். புதருக்கு எண் கிடையாது, பரப்பளவு மட்டும்தான்.

இதில் அவரிடம் யாரும் பேச்சு வைத்துக்கொள்ள முடியாது. வீட்டு முன்னால் நிற்கிற மரத்தை மரம் என்று எழுதச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, எழுதாதே என்று மிரட்டியவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில்: "கண்ணு பொய் சொல்லும், டேப் சொல்லாது." துறை அலுவலகத்தின் பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் எதிரே 'மறு ஆய்வு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகளாக இவர் பெயருக்கு எதிரே அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்லிக்கொள்வது போல இவர் அந்த வெற்றுக் கட்டத்தைச் சொல்லிக்கொள்வார்.

கூட வேலை செய்வது நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. அக்கா அளந்து கத்துவார், நாத்தனார் எழுதுவார். சாலையோரத்தில் லாரி இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகியதால் இருவரும் வீட்டுக்குள்ளும் அதே குரலில்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில்தான் மெஷின். "இந்த வீட்ல என் மெஷின் ஒண்ணுதான் அமைதியா ஓடுது" என்பார்.

சென்ற ஆண்டு துறைமுகத்துக்குப் புதிதாக நான்கு வழிச் சாலை போட முடிவானது. வரைபடத்தில் நேர்கோடு போட்டார்கள். கோடு கழிமுகத்தின் அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஓடியது. இரண்டரை கிலோமீட்டர் நீளம், நாற்பத்தைந்து மீட்டர் அகலம். இதனால் ஒரு லாரிக்குப் பதினொரு நிமிடம் மிச்சமாகும் என்று அறிக்கை சொன்னது.

அக்காவுக்கு அதுவரை எல்லாம் தரை மரங்கள்தான். சேற்றில் இது முதல் வேலை. கடல் நீர் வற்றுகிற நேரம் பார்த்து இரண்டு நாள் காலையில் இறங்கினார்கள். முழங்கால் வரை சேறு. காட்டில் பெரும்பாலும் கண்டல் மரங்கள். தண்டு நேராகத் தரைக்கு வராது. ஆளுயரத்துக்கு மேலேயே பிரிந்து, வளைந்த வேர்களாகச் சேற்றில் ஊன்றி நிற்கும். சேற்றில் பத்துக் கால் வைத்து நிற்கிற நாற்காலி போல இருக்கும். அக்கா குச்சியை நிறுத்தினார். சிவப்புக் கோட்டுக்கு நேரே இருந்ததெல்லாம் மணிக்கட்டுப் பருமனுள்ள வேர்கள். டேப் பதினைந்து, பதினெட்டு என்றது. "புதர்" என்று கத்தினார். நாத்தனார் எழுதினார். கரையோரம் வேர் தாழ்வாக இருந்தவை மட்டும் தேறின. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு மரங்கள், மீதியெல்லாம் புதர். வெள்ளிக்கிழமை பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

சாலை வேலையைப் பார்க்கிற துறைப் பொறியாளருக்கு மனசு லேசாகிவிட்டது. ஆயிரம் மரங்களுக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் வேறு பாதையை ஆராய்ந்தே தீர வேண்டும் என்பது விதி. இருநூற்றுச் சொச்சத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அடுத்த வியாழக்கிழமை பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதில் தடை வராவிட்டால் மாதப் பிறப்பில் இயந்திரங்கள் இறங்கும்.

எண் எழுதிய பிறகு பெயின்ட் பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்ப்பது அக்காவின் வழக்கம். யாரும் சொன்னதில்லை, சம்பளமும் இல்லை. சனிக்கிழமை காலை தனியாகப் போனார். அன்று நீர் ஏறியிருந்தது. நண்டு பிடிக்கிறவர் ஒருவர் தன் படகில் ஏற்றிக்கொண்டார். முப்பது ஆண்டுகளாக அந்தக் காட்டு நண்டில் குடும்பம் நடத்துகிறவர். வளவளவென்று பேசுகிறவர்.

"எல்லாத்துக்கும் நம்பர் போட்டீங்களே அக்கா, என் மரத்துக்கு மட்டும் ஏன் போடல? அதுக்கென்ன குறைச்சல்?"

"எது உங்க மரம்?"

"தோ, இது. இருபது வருஷமா இதுலதான் படகைக் கட்டுறேன். புயலடிச்சப்பகூட அசையல."

அக்கா பார்த்தார். "அது மரம் இல்லீங்க. புதர்."

நண்டுக்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் படகே ஆடியது. "அப்போ இருபது வருஷமா நான் படகைப் புதர்லயா கட்டியிருக்கேன்? என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

"டேப் வெச்சுப் பாத்துட்டேன். பதினாறு சென்டிமீட்டர்."

"எங்க வெச்சீங்க?"

அக்கா நீருக்குள் தெரிந்த வேரைக் காட்டினார்.

"அது காலு அக்கா! காலைப் போய் அளந்துட்டு ஆளு ஒல்லின்னா எப்படி? மேல ஏறி அளந்து பாருங்க."

ஏறுகிற உயரமா அது? ஆனால் அன்று நீர் ஏறியிருந்ததால் படகே உயர்ந்து நின்றது. பலகை மேல் நின்று, கடைசி வேர் பிரிகிற இடத்துக்கு மேலே ஒரு சாண் விட்டு டேப்பைச் சுற்றினார். எழுபத்தொன்று. நம்பாமல் மறுபடி சுற்றினார். எழுபத்தொன்று. "பக்கத்து மரத்துக்கு விடுங்க" என்றார். ஐம்பத்து நான்கு. அடுத்தது அறுபது. நண்டுக்காரர் கேட்காமலே அடுத்தடுத்த மரத்துக்குத் துடுப்பைப் போட்டார். இருபது மரங்களை அளந்தார்கள். பதினேழு மரம், மூன்று புதர்.

சனிக்கிழமை அரைநாள் அலுவலகம். சேற்றுக் காலோடு நேரே அங்கே போனார். பொறியாளர் கெட்டவர் இல்லை. மூன்று பேர் வேலையைத் தனியாகப் பார்க்கிற, டீ ஆறிப்போன பிறகே குடிக்கக் கிடைக்கிற மனிதர். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"அக்கா, படிவம் என்ன சொல்லுது? மார்பு உயரம். நீங்க அப்படித்தானே அளந்தீங்க? அப்போ எண்ணிக்கை சரி."

"அளந்தது சரி சார். எண்ணிக்கை தப்பு."

"ரெண்டும் எப்படிக்கா ஒரே நேரத்துல இருக்கும்?"

"இருக்கே சார். வந்து பாருங்க."

"வியாழக்கிழமை கூட்டத்தை வெச்சுக்கிட்டு நான் எங்க வர்றது? பாருங்க, நானா இதைத் திருத்த முடியாது. முதல் எண்ணிக்கை தப்புன்னு எழுத்துல வரணும். எண்ணினவங்க கையெழுத்து வேணும். புது எண்ணிக்கை எவ்வளவுன்னும் வேணும், சும்மா 'நிறைய இருக்கு'ன்னா செல்லாது. ஆயிரத்தைத் தாண்டினாத்தான் பேச்சே." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தாண்டுதோ இல்லையோ, உங்க பேருக்கு எதிர்ல மறு ஆய்வுன்னு விழும். அடுத்த ஒப்பந்தத்துக்கு அதைத்தான் முதல்ல பாப்பாங்க. யோசிச்சுக்கோங்க."

அக்கா பேருந்தில் யோசித்தார். இருபத்தாறு ஆண்டு வெற்றுக் கட்டம் ஒரு பக்கம். பத்துக் கால் ஊன்றி நிற்கிற மரங்கள் இன்னொரு பக்கம். தன் கையெழுத்தோடு அவை புதர் என்று போய்ச் சேர்ந்திருக்கின்றன. மற்ற மரங்கள் கணக்கில் ஏறி வெட்டுப்பட்டன. இவை கணக்கிலேயே ஏறாமல் போகப்போகின்றன. அதுதான் உறுத்தியது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டு அடுத்ததில் இறங்கி நடந்து வந்தார்.

வீட்டில் சொன்னதும் நாத்தனார்தான் முதலில் பாய்ந்தார்.

"என்ன அண்ணி சொல்றீங்க? 'புதர் புதர்'னு நீங்க கத்த, கை வலிக்க எழுதினது நான்! இப்போ அது மரமாம்!"

"மரம்தான்."

"கண்ணு பொய் சொல்லும், டேப் சொல்லாதுன்னு எத்தனை பேரைத் துரத்திவிட்டிருக்கீங்க?"

"டேப் பொய் சொல்லலம்மா. நான் அதை வைக்கிற இடத்துல வைக்கல."

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். "கணுக்கால்ல டேப்பை வெச்சு இடுப்பளவுன்னு எழுதிட்டு வந்திருக்கே. நான் அப்படித் தைச்சா பேன்ட் முட்டிக்கு மேல ஏறாது."

"ஏங்க, நானே நொந்துபோய் வந்திருக்கேன்."

"நொந்தது போதும், எத்தனை நாள் இருக்கு?"

ஞாயிறு, திங்கள், செவ்வாய். காலையில் நீர் வற்றுகிற வேளைகள் மூன்று. ஒவ்வொன்றிலும் நான்கு மணி நேரம் சேற்றில் நிற்கலாம். ஒவ்வொரு மரத்துக்கும் டேப்பைச் சுற்றி, படித்து, எழுதி, பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தால் முந்நூறு தாண்டாது. வழி சொன்னது தையல்காரர்தான். முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு நாடாவை வெட்டிக் கொடுத்தார். மரத்தைச் சுற்றிப் பிடி. முனையும் முனையும் சேராவிட்டால் மரம். அளவைப் படிக்கவே வேண்டாம். பெயின்டுக்குப் பதில் கடையில் மூட்டையாகக் கிடந்த வெட்டுத் துணிகளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, நூறு நூறாகக் கட்டித் தந்தார். மரத்துக்கு ஒரு கீற்று கட்ட வேண்டும். கட்டு தீர்ந்தால் நூறு மரம். சேற்றில் நோட்டைப் பிடித்துக்கொண்டு தடுமாற வேண்டியதில்லை.

முதல் நாள் நாத்தனார் ஒரு கட்டை எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். "அண்ணா, இதுல தொண்ணூத்தெட்டுதான் இருக்கு. அண்ணிதான் எண்ணத் தெரியாதவங்கன்னு நெனச்சேன், நீங்களுமா?"

"நூறு போட்டேன்!"

"தொண்ணூத்தெட்டு. நான் எழுதுறவ, எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டையும் நாத்தனார் எண்ணிப் பார்த்துத்தான் எடுத்தார்.

உயரத்துக்குச் சமையலறை ஸ்டூலைக் கொண்டுபோனார்கள். முதல் மரத்திலேயே ஸ்டூல் அக்காவோடு சேர்ந்து சேற்றில் இறங்கிக் காணாமல் போனது. நண்டுக்காரர் ஒரு அகலப் பலகை கொண்டுவந்து அடியில் போட்டார். அன்று நண்டுக்குப் போகவில்லை. "ஒரு நாள் போகலேன்னா நண்டு என்னைத் தேடாது" என்றார். இரண்டாம் நாளும் போகவில்லை. அவர் வேர்மேல் குரங்கு மாதிரி ஏறி நாடாவைச் சுற்றுவார். அக்கா கீழே நின்று, கடைசி வேருக்கு மேல் ஒரு சாண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அரைச்சாண் குறைந்தால் மறுபடி ஏற்றுவார்.

"விட்டுடுங்கக்கா, இது எப்படிப் பாத்தாலும் மரம்தான்."

"எப்படிப் பாத்தாலும்னு பாத்துத்தான் இந்த நிலைமை. ஏறுங்க."

ஞாயிற்றுக்கிழமை முந்நூற்று ஆறு. திங்கட்கிழமை நானூற்று இருபத்தொன்று. செவ்வாய்க்கிழமை காற்று அடித்தது. நாத்தனாரின் ஒரு செருப்பைச் சேறு விழுங்கியது. ஒன்பதரை மணிக்கே நீர் திரும்ப ஏறத் தொடங்கியது. மணி பத்தானபோது ஒன்பது கட்டுகள் தீர்ந்து பத்தாவதில் பாதி மிச்சம். மூவரும் பேச்சை விட்டுவிட்டு வேலை செய்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நாத்தனார் பதினொன்றாவது கட்டைத் தூக்கிக் காட்டி, "பத்து முடிஞ்சுது அண்ணி!" என்று கத்தியதில் கொக்குகள் மொத்தமும் எழுந்து பறந்தன. கரையேறும்போது ஆயிரத்து முப்பத்தெட்டு. இரண்டரை கிலோமீட்டரில் அவர்கள் பார்த்தது கால் கிலோமீட்டர்கூட இல்லை. தெருவில் போனவர்கள் மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தார்கள். முடியிலிருந்து கால்வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

புதன்கிழமை நாத்தனார் கடிதம் எழுதினார், அக்கா கையெழுத்துப் போட்டார். முதல் வரி: 'நான் கொடுத்த எண்ணிக்கை தவறு.' பொறியாளர் வாங்கி முத்திரை குத்தி, கோப்பில் மேலாக வைத்தார். "மேலாவே வெச்சிருக்கேன்கா" என்று இரண்டு முறை சொன்னார்.

வியாழக்கிழமை மண்டபத்தில் முந்நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். நானூறு பேர் வந்தார்கள். லாரி உரிமையாளர்கள் ஒரு பக்கம், மீன், நண்டு பிடிக்கிறவர்கள் மறுபக்கம், நடுவில் யார் பேசினாலும் கை தட்டுகிற ஒரு கூட்டம். மைக் இரண்டு முறை கீச்சிட்டது. மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, ஒரு பெண்மணி, கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"இருநூற்றுப் பதினாலு மரம்னு எழுதினது யார்?"

"நான்தான் மேடம்."

"அது தப்புன்னு எழுதினது?"

"அதுவும் நான்தான் மேடம்."

கூட்டம் சிரித்தது. சாலைத் திட்டத்தின் ஆலோசகர் எழுந்தார். அளவு விதிப்படி எடுக்கப்பட்டது, விதியில் வேர் பற்றி ஒரு சொல்லும் இல்லை, தனக்குத் தோன்றிய இடத்தில் அளந்துவிட்டு வந்து எண்ணிக்கையை மாற்றினால் எந்தத் திட்டமும் நடக்காது என்றார். பேச்சில் தப்பில்லை. அக்கா மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"சார் சொல்றது சரிதான். விதிப்படிதான் அளந்தேன். என் வீட்டுக்காரர் தையல்காரர். கணுக்கால்ல அளந்துட்டு இடுப்புக்குத் தைச்சா பேன்ட் ஏறாதுன்னு அவர் சொன்னாரு. நான் இருபத்தாறு வருஷமா இந்த வேலை பாக்குறேன் மேடம். ஒரு தடவைகூட மறு ஆய்வு வந்ததில்ல. இப்போ நானே கேக்குறேன். யாரை வேணும்னாலும் அனுப்பிப் பாருங்க. துணி கட்டியிருக்கிற ஒரு மரம் முப்பதுக்குக் கீழ இருந்தா என்னை வேலையை விட்டே எடுத்துடுங்க."

லாரிக்காரர்கள் பக்கத்திலிருந்தே ஒருவர், "நான் போட்டிருக்கிற பேன்ட் அவர் தைச்சதுதாங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார். அதிகாரிகூடச் சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்ததும் அவர் கேட்ட கேள்வி: "நாளைக்குத் தண்ணி எத்தனை மணிக்கு வத்தும்?"

நண்டுக்காரர் பின்வரிசையிலிருந்து எழுந்து நின்று, "பத்தே முக்கால் மேடம், என் படகு இருக்கு" என்றார்.

மறுநாள் அதிகாரி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். தன் கையால் நாற்பது மரங்களை அளந்தார். நாற்பதும் தேறின. அன்று மாலையே மறு எண்ணிக்கைக்கு உத்தரவு போட்டார்: தாங்கு வேர் உள்ள மரங்களைக் கடைசி வேருக்கு மேலே அளக்க வேண்டும், முதலில் எண்ணியவர் தவிர வேறு ஆட்கள் எண்ண வேண்டும். மூன்று குழுக்கள் பன்னிரண்டு நாள் எண்ணின. பத்தாயிரத்து எழுநூற்று அறுபது மரங்கள். இரண்டு மாதம் கழித்துப் பாதை மாறியது. பழைய செங்கல் சூளைகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போகிறது. பதினொரு நிமிடத்தில் லாரிகளுக்கு இப்போது மிச்சமாவது மூன்று நிமிடம்.

அக்காவிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்க ஐந்து வாரம் தாமதமானது. அந்த ஐந்து வாரமும் முன்னறையில் உட்கார்ந்து பட்டன் தைத்தார். மெஷினுக்கு மேல் கத்திப் பேசினார். வீட்டுக்காரர் ஒப்பந்தம் சீக்கிரம் வர வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. பதிவேட்டின் கட்டத்தில் இப்போது நீல மையில் எழுதியிருக்கிறது: 'மறு ஆய்வு செய்யப்பட்டது. தவறு எண்ணியவராலேயே தெரிவிக்கப்பட்டது.' அதைப் பார்க்கும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது என்று ஒளிக்காமல் சொல்கிறார். "ஆனா ரெண்டாவது வரியையும் சேத்துப் படிச்சா பரவால்ல."

துறையின் படிவத்தில் புதிதாக ஓர் அடிக்குறிப்பு சேர்ந்திருக்கிறது. நண்டுக்காரர் மறுபடி நண்டுக்குப் போகிறார். வெட்டுத் துணிகளை அவிழ்த்தெடுக்க மூவரும் இரண்டு நாள் காட்டில் இறங்கினார்கள். அப்போது நாத்தனார் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்ததில் ஒன்று குறைந்தது. யார் தப்பு என்று அண்ணிக்கும் அவருக்கும் இன்னும் முடிவாகவில்லை.

சூளைகளுக்குப் பின்னால் போகிற புதுப் பாதையில் தரை மரங்கள் நிற்கின்றன. அவற்றை எண்ணும் வேலை அக்காவுக்குத்தான் வந்திருக்கிறது. புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும். அண்ணியும் நாத்தனாரும் ஏழு பத்து பேருந்தில் போகிறார்கள்.